நாற்காலியைப் பார்த்தால் நின்றுவிடும் கேமரா

நான் படித்த பாலிடெக்னிக்கில் இப்போது படிக்கும் பெண்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். சமீபத்தில் சத்யா என்கிற பெண் அதில் ஒரு கேள்வி போட்டாள். அவள் அண்ணனின் கேமராவை, தொடர்ந்து படம் எடுக்கும் கன்டினியுவஸில் வைத்து எடுத்தால் கொஞ்சம் படங்களுக்குப் பிறகு நின்று நின்று ஓடுகிறது. ஐ.எஸ்.ஓ. நூறுக்கு இறங்க மறுக்கிறது. வீட்டுக்குள் எடுத்தால் படமெல்லாம் மணல் தூவியதுபோல இருக்கிறது. கேமரா பழுதா, அக்கா?

பழுதாக இருக்காது என்று பதில் போட்டேன். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அதற்குக் குழுவில் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கேமரா பழுதுபார்க்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பதைத் தாண்டி அதிக காலம் ஆகாத ஒருத்தி இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அருப்புக்கோட்டை பஜாரில் நான் உட்கார்ந்திருந்த மேசை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர்கள் தொங்குகின்றன. நான் பந்தல்குடிப் பக்கம் ஒரு சோலார் பண்ணையில் இன்வெர்ட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. இன்வெர்ட்டர்கள் யாரையும் பயமுறுத்துவதில்லை.

முதலில் சத்யாவுக்கான பதில். மற்றவர்களுக்கும் பின்னால் தேவைப்படும்.

ஒன்று: கேமரா எடுக்கும் படம் நேராக மெமரி கார்டுக்குப் போவதில்லை. நடுவில் பஃபர் என்று ஒரு சின்னக் கிடங்கு இருக்கிறது. கன்டினியுவஸில் விரலை எடுக்காமல் அழுத்தினால் படங்கள் அதில் குவியும். கார்டு மெதுவாக வாங்கிக்கொள்ளும். கிடங்கு நிரம்பினால் கேமரா காத்திருக்கும்.

இரண்டு: படத்தில் வெளுப்பான இடங்கள் வெறும் வெள்ளையாக எரிந்துபோகாமல் காக்க ஓர் அமைப்பு உண்டு. கல்யாணத்தில் வெள்ளை வேட்டிக்காகப் போடுவார்கள், எடுக்க மறப்பார்கள். அது இருக்கும்வரை ஐ.எஸ்.ஓ. இருநூறுக்குக் கீழே இறங்காது.

மூன்று: ஐ.எஸ்.ஓ. என்பது கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்கிற அளவு. பெருக்கப் பெருக்கப் புள்ளி விழும். பேச்சு கேட்கவில்லை என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிற மாதிரி.

இந்த மூன்றும் மூன்று தனிப் பிரச்சினைகள் என்றுதான் சேர்ந்த புதிதில் நினைத்தேன். முதலும் மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குக் காட்டியது திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த ஒரு மர நாற்காலி.

நான் வேலை பார்த்த கடையை நடத்தியவர் ஜெயக்கொடி மேடம். வியாபாரக் குடும்பம். அவர் வீட்டில் மற்றவர்கள் நூல் வியாபாரமும் பலசரக்கும் பார்த்தார்கள், இவர் மட்டும் கேமராவில் உட்கார்ந்துவிட்டார். வேலை பழகிய முதல் வருடத்தில் திருகு கழற்றவும் லென்ஸ் துடைக்கவும் கற்றேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் மேடம் பேசும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

கேமரா வந்ததும் கையில் வாங்க மாட்டார். மேசையில் வைக்கச் சொல்வார். எந்தப் பட்டனையும் யாரும் தொடக் கூடாது. பிறகு காந்தத் தட்டில் திருகுகளைப் பிரித்தபடி, நிமிராமல் கேட்பார். எங்கே வைத்து எடுத்தீர்கள்? அதற்கு முன்னால் எதை எடுத்தீர்கள்? எந்தப் பட்டனைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் பெரும்பாலும் பழுது இருக்கும். ஆனாலும் "உங்க தப்புதான்" என்று யாரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான்காவதாக ஒரு சட்டம் இருந்தது. பழுதைக் கண்ணால் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. அதே இடம், அதே வெளிச்சம், அதே செட்டிங். அங்கே மறுபடி நடந்தால்தான் பழுது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மேசையில் இருக்கும் கேமராவை லென்ஸ் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். ஆட்களைப் பார்க்க விட மாட்டார். தூசிக்காகவா என்று ஒருமுறை கேட்டேன். "தூசின்னே வச்சுக்கம்மா" என்றார்.

மல்லாங்கிணறு ஊரிலிருந்து ஒருவர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பறவைகளைப் படம் எடுக்கிறவர். கேமரா எல்லா இடத்திலும் நன்றாக ஓடுகிறது, அவர் ஊர்க் கண்மாய்க்குள் ஓர் இடத்தைப் பார்த்து வைத்தால் மட்டும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டார். அங்கே முன்னொரு காலத்தில் ஆடு மேய்க்கப் போன பெண் ஒருத்தி முங்கிப்போனதாக ஊரில் சொன்னார்களாம். ஆள் பட்டப்பகலில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

கண்மாய் எப்படி இருக்கிறது என்று மட்டும் மேடம் கேட்டார். தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் வெடிப்பாகக் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடக்கிறது, நடுவில் காய்ந்த புல் என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் கேமராவை வெள்ளைச் சுவருக்கு நேரே வைத்து அழுத்தினேன். ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் கிடந்த கோணிச்சாக்குக்கு நேரே வைத்தேன். கொஞ்சத்தில் நின்றது. நுணுக்கம் அதிகமுள்ள படம் கனமாக இருக்கும், கிடங்கு சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ சாக்குலயும் இருக்காளா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த கோடையில் திருச்சுழியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கருப்பசாமி வந்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு விழுந்த துட்டி வீடு என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவர்தான் படம் எடுப்பவர். வாயாடி. அன்றைக்குப் பேசாமல் வந்து கேமராவை மேசையில் வைத்தார். பின்னாலேயே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். தங்கப்பாண்டி என்று பெயர், விவசாயம் பார்க்கும் சம்சாரி, கருப்பசாமிக்குப் பழக்கமான ஊர்க்காரர்.

"ஆத்தா முகத்துக்கு நேரா வச்சா மட்டும் நின்னு நின்னு எடுக்குது மேடம். வாசல்ல சனத்த எடுத்தேன், சரசரன்னு ஓடுச்சு. உள்ள போயி நாக்காலியப் பாத்தா நின்னுருது" என்றார் கருப்பசாமி.

எங்கள் பக்கத்தில் வயதானவர் இறந்தால் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார்கள். குடும்பம் குடும்பமாகப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இறந்தவருக்கு வேறு நல்ல படம் இல்லையென்றால் இதிலிருந்தே முகத்தை வெட்டி, கம்ப்யூட்டரில் கண்ணைத் திறந்து வைத்து, பின்னால் நீல வானம் போட்டு மாட்டுவார்கள். தங்கப்பாண்டியின் தாய்க்கும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். கருப்பசாமி ட்ரைபாடை வாசற்படிக்கு உள்ளே நிறுத்தி, அதை நகர்த்தாமல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மேடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். அதற்கு முன்னால் எதை எடுத்தீர்கள்?

முந்தின நாள் மாட்டுவண்டிப் பந்தயம். ஓடுகிற மாட்டைப் பிடிக்க ஷட்டர் வேகத்தை ஏற்றியிருக்கிறார், கன்டினியுவஸில் போட்டிருக்கிறார், ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பையும் திறந்துவிட்டிருக்கிறார். மறுநாள் துட்டி வீட்டிலிருந்து ஆள் வந்ததும் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாட்டுக்கு வைத்ததெல்லாம் ஆத்தாவுக்கும் அப்படியே இருந்தது. ஒருமுறை அழுத்தினால் வரிசையாக எடுத்தது. இருட்டு வீட்டில் ஒரே ஒரு டியூப்லைட். வேகமான ஷட்டருக்கு அந்த வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ. உச்சிக்கு ஏறிவிட்டது.

எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது. புள்ளி என்பதும் நுணுக்கம்தான். கண்மாய் வெடிப்பைப் போலப் புள்ளி நிறைந்த படமும் கனக்கும், கிடங்கு நிரம்பும், கேமரா நிற்கும். வாசல் வெயிலில் புள்ளி இல்லை, அதனால் ஓடியது. இதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"கேமரா ரிப்பேருன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துருங்க மேடம். போதும்" என்றார் கருப்பசாமி.

மேடம் திருகுகளைப் பிரிப்பதை நிறுத்தினார். எதற்கு என்று கேட்டார்.

கதை மெதுவாக வந்தது. தங்கப்பாண்டிக்கு பஞ்சவர்ணம் என்று ஓர் அக்கா, பம்பாயில் இருக்கிறார். அவர் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே, பொழுது சாய்வதற்குள் உடலை எடுத்துவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நின்றதால், தம்பி கொள்ளி வைத்துவிட்டார். அக்கா வந்தபோது சாம்பல்தான் இருந்தது. அந்தக் கோபத்தோடு அவர் கருப்பசாமி கொடுத்த பென் டிரைவை டிவியில் போட்டுப் படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்திருக்கிறார். தள்ளத் தள்ள ஆத்தாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. கன்னம் அசைந்தது. வீட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து பஞ்சவர்ணம் தம்பி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கிளம்பவும் இல்லை. பக்கத்து வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் வந்து அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டுப் பொழுது சாய எழுந்து போகிறார்.

அதுவரை வாசலில் நின்ற தங்கப்பாண்டி உள்ளே வந்தார். கருப்பசாமியைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்தார்.

"எழுதியெல்லாம் வேணாம். எங்காத்தா மூச்சு விட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

ஊர் நர்சம்மா வந்து கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் குளிப்பாட்டினார்கள் என்று கருப்பசாமி இடையில் சொன்னார். தங்கப்பாண்டி அதைக் காதில் வாங்கவில்லை. பலமுறை கேட்டிருப்பார் போல.

மேடம் என்னிடம் திரும்பி, நான்காவது சட்டத்தைச் சொன்னார். "அந்த வீட்டுக்கே போயிட்டு வந்துரும்மா. எதையும் மாத்தாம எடு."

மறுநாள் நானும் கருப்பசாமியும் தங்கப்பாண்டியும் உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே கருவேலங்காட்டில் விறகைக் கரியாக்க மூட்டம் போட்டிருந்தார்கள். புகை மேலே போகாமல் தரையோடு படர்ந்து தெருவரைக்கும் வந்திருந்தது. எங்கோ மயில் கத்திக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. பழைய வீடு, கனத்த சுவர், ஜன்னல் சின்னது. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே சாயங்காலம். டியூப்லைட் எரிந்தது. அதன் சோக்கு மெல்ல இரைந்துகொண்டே இருந்தது.

நாற்காலி சுவரோரம் அதே இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. எதிரே தரையில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், தம்பி பக்கம் கையை மட்டும் காட்டினார்.

"நீதான் டவுனுல இருந்து வந்த புள்ளையா? வா தாயி. இவன் கூட்டியாந்தானேன்னு இவனுக்குத் தோதாச் சொல்லிறாத."

பார்த்ததை மட்டும் சொல்வேன் என்றேன். ட்ரைபாடின் கால்கள் பதிந்திருந்த தடம் சாணித் தரையில் இன்னும் இருந்தது. அதிலேயே நிறுத்தினேன். செட்டிங் எதையும் தொடவில்லை. நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? கருப்பசாமி முதலில் தான் உட்காருவதாகச் சொன்னார். நாற்காலி வரை போனார். பிறகு, லென்ஸைத் துடைக்க வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டார்.

ஆள் வேண்டாம், மூச்சு விடாத எதையாவது வைக்கலாம் என்றேன். தங்கப்பாண்டியின் மனைவி அடுப்படியிலிருந்து பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். வெறும் குடத்தைப் பார்த்துவிட்டு பஞ்சவர்ணம் எழுந்தார். கொடியில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்து வந்தார். ஆத்தாவின் சேலை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. குடத்தின் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். முன்னால் வந்த மடிப்பை நீவினார். பிறகு தோள் என்று ஒன்று இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே முந்தானையைச் சரி செய்தார்.

நான் விரலை வைத்து அழுத்தினேன். கொஞ்சம் ஓடியது. நின்றது. ஒரு படம் எடுத்தது, காத்திருந்தது. இன்னொன்று எடுத்தது.

"பாத்தீகளா, பாத்தீகளா" என்றார் கருப்பசாமி, குரலே இல்லாமல்.

படங்களை அதே டிவியில் போட்டு, பஞ்சவர்ணம் தள்ளிய அதே வேகத்தில் தள்ளினேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகள் வெவ்வேறு இடத்தில் விழும். அதனால் அடுத்தடுத்துப் பார்க்கும்போது தோல் ஊர்வதுபோலத் தெரியும். டியூப்லைட் நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகத் தோன்றினாலும் விட்டு விட்டுத்தான் எரிகிறது. ஷட்டர் வேகமாக இருந்தால் ஒரு படம் வெளிச்சத்தில் விழும், அடுத்தது மங்கலில் விழும். இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான்.

ஆனால் பச்சைச் சேலைக்குள் குடம் மூச்சு விட்டது. மடிப்பு எழும்பியது, தணிந்தது, மறுபடி எழும்பியது. நீவிவிட்ட முந்தானை கொஞ்சம் ஒதுங்கி, திரும்ப வந்தது. தங்கப்பாண்டியின் மனைவி வாயில் சேலையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காரணம் தெரிந்த எனக்கே, டிவியிலிருந்து கண்ணை எடுத்து நாற்காலியைப் பார்க்க வேண்டியிருந்தது. குடம் அசையாமல் இருந்தது.

தங்கப்பாண்டி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப ஆத்தா மூச்சு விடல" என்றார். அவர் முகம் இளகுவதைப் பார்த்தேன்.

பஞ்சவர்ணம் டிவியைப் பார்த்தபடியே கேட்டார். "கொடம் மூச்சு விடுதுன்னா எங்காத்தா விடலன்னு ஆயிருமா தாயி?"

சரியான கேள்வி. என் மேசைக்கு வந்த யாரும் அவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. படத்தில் தெரியும் மூச்சை நம்ப முடியாது என்பது மட்டும்தான் குடத்தால் தெரிந்தது. ஆத்தா மூச்சு விட்டாரா இல்லையா என்பது தெரியவில்லை.

"ஆகாதும்மா" என்றேன்.

இளகிய முகம் மறுபடி இறுகியது. கருப்பசாமி என்னைப் பார்த்த பார்வையில், ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது இருந்தது. பஞ்சவர்ணம் தம்பி பக்கம் திரும்பாமலே பேசினார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் அவரிடம் சொன்னார்களாம். தம்பி கல்லு மாதிரி நின்றானாம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம், எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டானாம். "ஆத்தாள அனுப்புறதுல அம்புட்டு அவசரம் அவுகளுக்கு" என்றார். கூடப் பிறந்த தம்பியை மூன்றாம் மனிதரைப் போல அவுக என்று சொன்னது அறைந்ததுபோல இருந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கருவேலங்காட்டையும் அதன்மேல் கிடந்த புகையையும் பார்த்துக்கொண்டு வந்தேன். புகை அடர்த்தியாக இருந்த இடத்திலும் ஒரு பனைமரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. புகை நகர்ந்துகொண்டே இருந்தது, மரம் நின்ற இடத்தில் நின்றது. அதைப் பார்த்துத்தான் தோன்றியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போதுதான் தோன்றியது.

புள்ளிகளைப் போக்க ஒரு வழி உண்டு. சில கேமராக்களிலேயே அது இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். புள்ளி ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் விழுவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமும் சமமாகிவிடும். அசையாத பொருள் கழுவி எடுத்ததுபோலத் தெளிவாகும். அசைந்த பொருள் கலைந்துவிடும். மாலையை மேலே தூக்கும் அளவுக்கு ஒரு நெஞ்சு மூச்சு விட்டிருந்தால், அந்த மாலை கலையாமல் இருக்க முடியாது.

கருப்பசாமி ட்ரைபாடை நகர்த்தவில்லை. தங்கப்பாண்டி குடும்பத்தோடு நின்றபோது எடுத்த வரிசைதான் எல்லாவற்றிலும் நீளமானது. கேமரா நின்றுவிட்டதென்று அவர் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்ததால் அது நின்று நின்று நெடுநேரம் எடுத்திருந்தது. பழுதென்று அவர் கொண்டுவந்த அந்த நிற்றல்தான் எனக்கு வேண்டிய அளவு படங்களைக் கொடுத்தது.

கடைக்கு வந்து, கருப்பசாமியின் கார்டில் இருந்த அந்த வரிசையைக் கம்ப்யூட்டரில் அடுக்கினேன். கடைசிப் படம் சேர்ந்ததும் புள்ளிகள் போய், திரையில் அந்த அறை வந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன் என்று நினைக்கிறேன். சத்தம் கேட்டு மேடம் என்ன என்று கேட்டார். பார்க்கச் சொன்னேன். அவர் எழுந்து வந்தார், பாதி வழியில் ஓரக்கண்ணால் பார்த்தார், திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். "அவுக வீட்டுப் படம். அவுக பாக்கட்டும்" என்றார்.

அக்கா தம்பி இருவரையும் கருப்பசாமி காலையில் கூட்டிவந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் தனித்தனி சீட்டில் வந்ததாக அவர் என் காதில் சொன்னார். நான் முதலில் அடுக்குவது என்றால் என்ன என்று விளக்கினேன். மேசை மேல் வைத்த தம்ளரையும் பக்கத்தில் என் கையையும் படம் பிடித்து, அடுக்கிக் காட்டினேன். கையை ஆட்டாமல் வைத்திருக்க முயன்றேன். தம்ளர் தெளிவாக வந்தது, என் விரல்கள் ஓரம் கலைந்து வந்தன. பஞ்சவர்ணம் தானும் கையை வைத்துப் பார்த்தார். அவர் விரலும் கலைந்தது. உயிருள்ளது எதுவும் முழுதாக அசையாமல் இருக்காது என்பதை அவராகவே சொன்னார்.

பிறகுதான் அந்தப் படத்தைத் திறந்தேன்.

அறையின் நடுவில் ஆத்தா உட்கார்ந்திருந்தார். நெற்றிக் காசின் விளிம்பு தெரிந்தது. தாடையைக் கட்டிய துணியின் இழை தெரிந்தது. மாலையில் ஒவ்வொரு பூவின் இதழும் தனித்தனியாகத் தெரிந்தது. எந்தக் கேமராவிலும் அவ்வளவு தெளிவான முகத்தை நான் பார்த்ததில்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் புகையாக இருந்தார்கள். மருமகளுக்கு முகம் இருந்த இடத்தில் ஒரு வெளிறல். பேரப்பிள்ளைகள் தரையிலிருந்து எழும்பிய ஆவி மாதிரி. அந்த அறையில் உண்மையில் இருந்தவர் ஆத்தா ஒருவர்தான், மற்றவர்கள் இனிமேல்தான் வரப்போகிறவர்கள் என்பதுபோல இருந்தது.

பஞ்சவர்ணம் வெகுநேரம் பார்த்தார். திரைக்கு அருகே குனிந்து மாலையைப் பார்த்தார். ஒரு விரலால் பூக்களின் ஓரத்தை மெல்லத் தொட்டுக்கொண்டு போனார். எங்கும் கலையவில்லை.

"போயிருச்சு" என்றார். "அப்பவே போயிருச்சு."

தங்கப்பாண்டி திரையைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்தார்.

பஞ்சவர்ணத்தின் விரல் மாலையிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில், மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கலைந்து ஓர் உருவம் நின்றது. பாதங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. நகம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. முழங்காலில் கலையத் தொடங்கி, இடுப்பில் வெள்ளையாகப் பரவி, தோளுக்கு மேல் ஒன்றுமே இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த இடத்தில் விரல்கள் இருந்தன. ஐந்து என்று சொல்ல முடியாது, ஒரு கொத்து விரல்கள்.

"இது யாரு?" என்றார்.

கருப்பசாமி தங்கப்பாண்டியைப் பார்த்தார். பிறகு, "தங்கப்பாண்டி அண்ணன்தேன்" என்றார்.

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பாதம் தெளிவாக இருப்பதால் அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கல் மாதிரி நின்றார் என்று பார்த்தவர்கள் சொன்னது சரிதான். ஆனால் நின்ற நேரம் முழுக்க உடம்பு நடுங்கியிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

மேடத்தின் காந்தத் தட்டில் ஒரு திருகு ஒட்டும் சத்தம் கேட்டது.

கருப்பசாமிக்கு மௌனம் ஆகாது. ஆத்தா முகம் இவ்வளவு தெளிவாகக் கிடைத்துவிட்டதால் தனியாக வெட்டி, கண்ணைத் திறந்து, பின்னால் வானம் போட்டுப் பெரிதாகச் செய்து தருவதாகச் சொன்னார். சுற்றி நிற்கிற புகையை எல்லாம் எடுத்துவிடலாமாம்.

"கண்ணத் தொறக்க வேணாம்" என்றார் பஞ்சவர்ணம். "வெட்டவும் வேணாம். அப்படியே போடுங்க. அவன் நிக்கட்டும்."

அவுக மறுபடி அவன் ஆகியிருந்தான். தங்கப்பாண்டி அப்போதுதான் நிமிர்ந்தார். திரையை முதல்முறையாகப் பார்த்தார். தன்னைத்தான் தேடுகிறார் என்று நினைக்கிறேன், கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஏலே, எனக்குப் பசிக்குது. உன் பொண்டாட்டிக்கு ஒரு போனப் போட்டு உலை வைக்கச் சொல்லு. வா, வீட்டுக்குப் போவோம்."

அவர்கள் போன பிறகு கருப்பசாமியின் கேமராவை எடுத்தேன். கன்டினியுவஸை எடுத்துவிட்டு ஒற்றைப் படத்தில் வைத்தேன். ஐ.எஸ்.ஓ. உச்சவரம்பை இறக்கினேன். ஷட்டரை அறைக்கு ஏற்றபடி மெதுவாக்கினேன். கழற்றுவதற்கு எதுவும் இல்லை. மாட்டிலிருந்து ஆளுக்கு மாறும்போது இந்த மூன்றையும் மாற்றுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். சத்யா, உன் அண்ணனுக்கும் இதேதான்.

மேடம் நிமிராமலே கேட்டார். "போயிட்டாகளா?"

"போயிட்டாங்க மேடம்."

"ரெண்டு பேரும் சேர்ந்தா?"

சேர்ந்துதான் என்றேன். அவர் எழுந்து வந்தார். தங்கப்பாண்டி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தபடி மேசையில் இருந்த அந்தக் கேமராவை இரு கைகளாலும் எடுத்து, லென்ஸ் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

அன்றைக்கு நான் தூசியா என்று கேட்கவில்லை.